ஆட்டோமேட்டிக் 86-ல கியர் விகிதம் மாத்தறது: 4.88 போட்டா ஒரு செகண்ட் குறையுமா?

கேள்வி, 2 மார்ச் 2024

என்னுது 2014 டொயோட்டா 86, ஆட்டோமேட்டிக். இருக்கறது மெல்பர்ன். பிக்கப் பத்தல. கியர்பாக்ஸைப் பிரிச்சு விகிதம் மாத்தறது ஆகாத காரியம்னு சொல்றாங்க. பின்னாடி டிஃப்ரன்ஷியல்ல (இன்ஜினோட சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கற பெட்டி) இருக்கற 4.1 விகிதத்தை எடுத்துட்டு 4.88 போட்டா 0-ல இருந்து 100 கிலோமீட்டர் வேகம் பிடிக்கற நேரம் ஒரு செகண்ட் குறையும்னு கூட வேலை பாக்கறவன் அடிச்சுச் சொல்றான். அவன் வண்டி மானுவல். ஆட்டோவுக்கும் அது பொருந்துமா? போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க.

2 மார்ச், இரவு

போட்டவன் எழுதறேன். 4.88 போடல. 4.556 மூணு வாரம் ஓட்டினேன், அதுக்கப்புறம் 4.3, ரெண்டரை வருஷமா. என்னுது 2013 ஆட்டோ. இடது முழங்கால் கிளச்சுக்கு ஒத்துழைக்காது, அதனால ஆட்டோ. "ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி அதுல ஆட்டோவா"ன்னு கேக்கறவங்க வீட்டுக்கு வந்து எக்ஸ்ரேயைப் பாத்துக்கலாம்.

ஒரு செகண்ட் எல்லாம் குறையாது. எனக்கு 4.3-ல அரை செகண்ட் குறைஞ்சுது. 4.88 வாங்கிடாதீங்க. விவரம் நாளைக்கு.

3 மார்ச்

முதல்ல பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். மானுவல் பாக்ஸ்னா ஜோடி ஜோடியா பல்சக்கரம். மூணாவது கியர் பிடிக்கலையா, அந்த ஜோடியை மட்டும் மாத்தலாம். ரேஸ்காரங்க அதைத்தான் பண்றாங்க. நம்ம ஆட்டோ ஐசின் ஏ960இ. உள்ள கிரக கியர். நடுவுல சூரியன், சுத்தி கிரகங்கள், வெளிய வளையம். எதைப் பிடிச்சு நிறுத்தறோம், எதைச் சுத்த விடறோம்கறதுதான் கியர். ஒரே செட்டை ஒரு கியர் ஒரு விதமாவும் இன்னொரு கியர் வேற விதமாவும் உபயோகிக்குது. ஒரு சக்கரத்துல பல் எண்ணிக்கையை மாத்தினா ஒண்ணு மட்டும் மாறாது, பக்கத்து வீடும் சேர்ந்து இடியும். நாலாவது கியர் சரியா 1.000; அங்க எல்லாம் ஒட்டி ஒரே துண்டாச் சுத்துது, மாத்தறதுக்கு விகிதமே இல்ல.

அதனால ஆட்டோல "கியர் விகிதம் மாத்தறேன்"னு யார் சொன்னாலும், கை வைக்கப் போறது பின்னாடி டிஃப்ரன்ஷியல்ல இருக்கற கிரவுன் பினியன்ல. கிரவுன் பெரிய பல்சக்கரம், பினியன் அதைச் சுத்தற சின்னது; பெருசோட பல் எண்ணிக்கையைச் சின்னதோடதால வகுத்தா வர்றதுதான் அந்த 4.1, 4.88 எல்லாம். ஆறு கியரும் ஒரே அளவுல சேர்ந்து மாறும். இதை மனசுல வெச்சுக்கிட்டு அடுத்த குறிப்பைப் படிங்க.

3 மார்ச், சாயங்காலம்

கணக்கு. டயர் ஆலையில வந்த 215/45 ஆர்17, ஒரு சுத்துக்கு சுமார் 1.96 மீட்டர். சிவப்புக் கோடு, அதாவது இன்ஜின் சுத்தக்கூடிய எல்லை, 7400 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு அத்தனை சுத்து).

ஆட்டோவோட ஆறு கியர்: 3.538, 2.060, 1.404, 1.000, 0.713, 0.582. மானுவல்: 3.626, 2.188, 1.541, 1.213, 1.000, 0.767. முதல் தலைமுறையில ரெண்டுக்கும் பின்னாடி 4.1தான், 2017-ல இருந்து மானுவலுக்கு மட்டும் 4.3 ஆக்கினாங்க.

4.1-ல ஆட்டோ: ஃபர்ஸ்ட் 60 கிலோமீட்டர் வரைக்கும் போகும், செகண்ட் 103, தேர்டு 151.

4.556-ல: 54, 93, 136.

4.88-ல: 50, 87, 127.

இப்ப ஃபர்ஸ்ட்ல 7400 வரைக்கும் மிதிச்சு செகண்டுக்குப் போனா இன்ஜின் எங்க விழும்? 2.060-ஐ 3.538-ஆல வகுங்க. 0.58. அதாவது 4300 ஆர்பிஎம். மானுவல்ல 4470 கிட்ட விழும். அடுத்த மாத்தத்துல ஆட்டோ 5040, மானுவல் 5210. அதுக்கு அடுத்ததுல ஆட்டோ 5270, மானுவல் 5820. மானுவல் ஒவ்வொரு படியிலயும் மேலயே நிக்குது. ஆட்டோவோட படி உயரம், அதுலயும் முதல் படி ரொம்ப உயரம்.

பின்னாடி 4.3 போட்டா அந்த 4300 எவ்வளவு ஆகும்? 4300. 4.88 போட்டா? அதே 4300. படியை வேற மாடிக்குத் தூக்கிட்டுப் போகலாம், படியோட உயரம் மாறாது. நான் காசு கொடுத்துத் தெரிஞ்சுக்கிட்டது இது.

5 மார்ச்

4.556 ஏன் மூணே வாரம்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா சொல்றேன்.

2021-ல புது கிரவுன் பினியன் செட் வாங்கினேன். 41 பல், 9 பல். டான்டினாங் பக்கம் ஒரு பட்டறையில கொடுத்தேன், பேர் வேண்டாம். ரெண்டு நாள்ல பூட்டிக் கொடுத்தாங்க. முதல் 50 கிலோமீட்டர் சொர்க்கம். மிதிச்சா முதுகுல தட்டுது. அப்புறம் மொனாஷ் ஃப்ரீவேல ஏறினேன். 80-ல இருந்து 95 வரைக்கும் "ங்ஙீஙீஙீ"ன்னு ஒரு ஊளை. பாட்டு போட்டா பாட்டுக்குச் சுருதிப் பெட்டி மாதிரி கூடவே வருது.

பட்டறையில "புதுசுதானே, ஓட ஓடச் சரியாகும்"னாங்க. எங்க அப்பா கோயமுத்தூர் கணபதியில முப்பது வருஷம் பல் வெட்டற பட்டறை நடத்தினவர். போன்ல வீடியோ அனுப்பினேன். ஒரே கேள்விதான்: "ஏங்கண்ணு, மிதிச்சாக் கத்துதா, காலை எடுத்தாக் கத்துதா?" காலை எடுத்தா. "பல்லோட பின் பக்கம் ஓரத்துல தொடுது. பினியனுக்கு ஷிம் சரியா வெக்கல. மஞ்சப் பசை தடவிப் பாத்தானா?"

தடவிப் பாக்கல. பல்லுல பசை தடவி, கையால சுத்தி, பல் எங்க பதியுதுன்னு பாக்கணும். பதிவு நடுவுல விழுந்தா நல்லது. ஓரத்துல விழுந்தா ஷிம்மை (இடைவெளியைச் சரி பண்ற மெல்லிய வளையம்) மாத்தி மறுபடி பூட்டணும், மறுபடி பாக்கணும். பேக்லாஷை, அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கற ஆட்டத்தை, டயல் கேஜ்ல அளக்கணும். பொறுமை இருக்கறவனுக்கான வேலை. வேற ஒரு பெரியவர் பிரிச்சுப் பாத்தப்ப அப்பா சொன்ன மாதிரியே ஓரத்துல பதிஞ்சிருந்தது, ஒரு பல்லுல கீறலும் விழுந்திருந்தது. செட் போச்சு.

அதுக்கப்புறம் காயலான் கடையில, விபத்தான 2017 மானுவல் 86-ல இருந்து 4.3 டிஃப்ரன்ஷியலை முழுசா, கூட்டோட வாங்கினேன். ஆலையில செட் பண்ணது, பிரிக்கவே வேண்டாம். இறக்கு, ஏத்து, ஜிஎல்-5 கியர் ஆயில் ஊத்து. சத்தமே இல்ல. மாத்தியே ஆகணும்னா இப்படி மாத்துங்க.

6 மார்ச், காலை 5 மணி

தூக்கம் வரல. 2-ஆம் தேதி "அரை செகண்ட் குறைஞ்சுது"ன்னு எழுதினது உறுத்திக்கிட்டே இருந்தது. பழைய போன்ல ஜிபிஎஸ் ஆப்புல எடுத்த பதிவு இருக்கு, எடுத்துப் பாத்தேன். 4.1-ல மூணு தடவையில நல்லது 8.3. 4.3-ல மூணு தடவையில நல்லது 8.3.

அதே 8.3.

ஐரோப்பாவுல டொயோட்டா சொன்ன எண் மானுவலுக்கு 7.6, ஆட்டோவுக்கு 8.2. நான் கிட்டத்தட்ட ஆலைக் கணக்குலயே நிக்கறேன். அரை செகண்ட் என் முதுகு சொன்னது. முதுகுக்குக் கடிகாரம் கிடையாது.

ஏன் குறையலன்னு இப்பத்தான் உக்காந்து கணக்குப் போட்டேன். வாங்கறதுக்கு முன்னாடி போட்டிருக்க வேண்டியது. 4.3-ல செகண்ட் கியர் எது வரைக்கும் போகும்? 98.5. நூறுக்கு ஒண்ணரை கிலோமீட்டர் முன்னாடி மூச்சு நின்னு தேர்டுக்குப் போகுது. ஆலையில 4.1 வெச்சப்ப 103. நூறை செகண்ட்லயே தாண்டிடும். கூடவே 57-க்கும் 60-க்கும் நடுவுல நான் செகண்ட்ல இருக்கேன், நீங்க இன்னும் ஃபர்ஸ்ட்ல இழுத்துக்கிட்டு இருக்கீங்க. கூடுதலாக் கிடைச்ச 5 சதவீத இழுவையை இந்த ரெண்டு இடத்துலயும் திருப்பிக் கொடுத்துடறோம். 4.88-ல 87-லயே மாறிடும். மிச்சம் 13 கிலோமீட்டர் தேர்டுல.

4.1-ஐத் தேர்ந்தெடுத்தவன் முட்டாள் இல்ல.

6 மார்ச், மதியம்

"இன்ஜின் கட் ஆகறது 7400-ல இல்ல, 7450-ல"ன்னு ஒருத்தர். சரிங்க. 99.1 வருது. இன்னும் ஒரு கிலோமீட்டர் கடன் கொடுங்க.

9 மார்ச்

அப்ப ஆட்டோவுல உண்மையான நோய் எது? அந்த 4300. நம்ம எஃப்ஏ20 இன்ஜினுக்கு உச்ச இழுவை (டார்க்) 205 நியூட்டன் மீட்டர், அது 6400-க்கு மேல வருது. நடுவுல 3500-ல இருந்து 4500 வரைக்கும் ஒரு பள்ளம். டைனோ (இன்ஜின் சக்தியை அளக்கற மெஷின்) காகிதம் பாத்தவங்களுக்குத் தெரியும், ஒட்டகத்து முதுகு மாதிரி இருக்கும். ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்டுக்கு மாறும்போது ஆட்டோ சரியா அந்தப் பள்ளத்துக்குள்ள காலை வைக்குது. மானுவலும் விளிம்புலதான் விழுது, ஆனா ஒரு எட்டுல வெளிய வந்துடும்.

கொர்வெட் பைத்தியம் ஒருத்தர் இங்க இருக்கார், அவருக்காக இதை எழுதறேன். 80கள்ல வந்த சி4 கொர்வெட்டோட ஆட்டோ 700ஆர்4. ஃபர்ஸ்ட் 3.06, செகண்ட் 1.63. நம்மளை விடப் பெரிய படி. 5000-ல மாத்தினா 2660-ல விழும். பின்னாடி 2.59 வெச்சும் வித்தாங்க. ஆனா முன்னாடி இருந்தது 5.7 லிட்டர் வி8, இழுவை எல்லாம் கீழேயே. 2660-ல விழுந்தா மெத்தையில விழுந்த மாதிரி. நமக்கு 2 லிட்டர். விழுந்தா கட்டாந்தரை.

டொயோட்டாவே என்ன பண்ணுச்சு பாருங்க. ரெண்டாம் தலைமுறை ஜிஆர்86-ல இன்ஜினை 2.4 லிட்டர் ஆக்கி 250 நியூட்டன் மீட்டரை 3700-லயே கொடுத்தாங்க. பள்ளத்தை மண்ணு போட்டு மூடியாச்சு. அப்புறம் ஆட்டோவுக்குப் பின்னாடி வெச்சது 3.909. நாமெல்லாம் 4.3, 4.88-ன்னு ஏறிக்கிட்டு இருக்கோம், அவங்க இறங்கிட்டாங்க.

கேட்டவருக்கு: அந்தக் காசுல நல்ல எக்ஸாஸ்ட் ஹெடர் (இன்ஜின்ல இருந்து புகை வெளிய வர்ற முதல் குழாய்கள்) போட்டு இசியு, அதாவது இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டரை, டியூன் பண்ணுங்க. பள்ளம் முழுசா மூடாது, ஆழம் குறையும். நான் அதைப் பண்ணியிருக்கணும். பண்ணல.

10 மார்ச்

"ஆட்டோவுக்கு டார்க் கன்வர்ட்டர் இருக்கே, அது இழுவையைப் பெருக்குமே"ன்னு கேள்வி. இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவுல எண்ணெய் வழியா இழுவையைக் கடத்தற சாமான் அது. ஆமா. நின்ன இடத்துல இருந்து கிளம்பும்போது பெருக்கும், அதனாலதான் ஆட்டோவுக்கு ஃபர்ஸ்ட்ல குட்டையான (எண் பெருசான) விகிதம் அவ்வளவாத் தேவையில்ல. வேகம் பிடிச்சதும் உள்ள பூட்டு விழுந்துடும், அப்புறம் பெருக்கல் கிடையாது. தேவைப்படற எடத்துல அது இருக்காது.

ஸ்பீடோமீட்டர் பத்திக் கேட்டவருக்கு: இந்த வண்டியில வேகம் சக்கரத்துல இருக்கற ஏபிஎஸ் சென்சார்ல இருந்து வருது. கிரவுன் பினியன் மாத்தினா முள் பொய் சொல்லாது. ஜிபிஎஸ் வெச்சு ரெண்டு தடவை பாத்துட்டேன். டயர் அளவு மாத்தினாத்தான் சொல்லும்.

டயர்னதும் ஞாபகம் வருது. புது டயர்ல தேயற ரப்பர் (டிரெட்) 8 மில்லிமீட்டர் இருக்கும். 2-க்குத் தேஞ்சா விட்டம் 12 மில்லிமீட்டர் குறையும், கிட்டத்தட்ட 2 சதவீதம். அதாவது 4.1 தானா 4.18 ஆயிடுது. 215/40 போட்டா 4.25 மாதிரி. பினியனே மாத்தாம, ஷிம் இல்லாம, ஊளை இல்லாம. தேஞ்ச டயரோட ஓட்டுங்கன்னு நான் சொல்லல. மழையில மெல்பர்ன் டிராம் தண்டவாளத்து மேல ஏறிப் பாருங்க, புரியும்.

அப்ப 6-ஆம் தேதி நான் ஒப்பிட்ட ரெண்டு 8.3-ம் நேர்மையான ஒப்பீடு இல்லையோ? 4.1-ல எடுத்தப்ப டயர் பழசு, 4.3-ல புதுசு. இப்பத்தான் உறைக்குது. விட்டுடுங்க, மறுபடியும் அளக்க நான் போக மாட்டேன்.

17 மார்ச்

"அப்ப ஏன் இன்னும் 4.3-ஐ வெச்சிருக்க?" நேத்து பிளாக் ஸ்பர் போனேன், இதையே யோசிச்சுக்கிட்டு.

ஹீல்ஸ்வில்ல இருந்து நார்பெத்தாங் போற மலை ரோடு. ரெண்டு பக்கமும் வானத்தைத் தொடற யூக்கலிப்டஸ், கீழ பன்னம். வளைவுல இருந்து 60-ல வெளிய வர்றப்ப செகண்ட்ல இருப்போம். 4.1-ல அங்க இன்ஜின் 4300. அதே பள்ளம். 4.3-ல 4500, பள்ளத்தோட மேல் விளிம்பு. வெறும் 200 ஆர்பிஎம்தான். ஆனா அந்த ரோட்டுல முக்கால்வாசி வளைவு 60 கிட்டத்தான், அதனால வளைவுக்கு வளைவு கிடைக்குது. எனக்கு அரை செகண்ட் குறைஞ்ச மாதிரி தோணினது இங்கதான் போல. 0–100-ல இல்ல.

இதை வெச்சு "குட்டை விகிதம் எப்பவும் நல்லது"ன்னு எடுத்துக்காதீங்க. வின்டன் ரேஸ் டிராக்ல நேர் எதிர். வளைவுல இருந்து 70-ல தேர்டுல வந்தா 4.1-ல 3420, இன்னும் பள்ளத்துக்கு முன்னாடி. 4.556-ல 3800, 4.88-ல 4070, பள்ளத்தோட நட்ட நடு. காசு கொடுத்துப் பள்ளத்துக்குள்ள இறங்கின மாதிரி. அங்க செகண்டுக்கு இறக்கணும், இறக்கினா சீக்கிரமே சிவப்புக் கோடு. எந்த ரோட்டுல, எந்த வளைவுல, எந்த வேகத்துல வெளிய வர்றீங்கன்னு முதல்ல எழுதிக்கிட்டு அப்புறம் பல் எண்ணுங்க. "பிக்கப் பத்தல"ங்கறது பல் எண்ணப் பத்தாத தகவல்.

வர்ற வழியில ஸ்பிரிங்வேல்ல கொத்து ரொட்டி. முழங்கால் வலி. ஆட்டோ வாழ்க.

18 மார்ச்

பெட்ரோல் கேட்டவருக்கு: 100-ல ஆறாவது கியர்ல 4.1 சுமார் 2025 ஆர்பிஎம், 4.3 சுமார் 2120. ஹியூம் நெடுஞ்சாலையில போய் வந்தா வித்தியாசம் தெரியறதில்ல. 4.88-ல கூட 2410தான். ஆலையில இருந்து வர்ற 4.1 மானுவல் 2670-ல ஓடுது. ஆட்டோவோட டாப் கியர் அவ்வளவு நீளம். 4.88-ஐ ஆதரிச்சு நான் சொல்லக்கூடிய ஒரே வார்த்தை இதுதான், கேட்டவரோட நண்பர் இதைச் சொல்லாம விட்டுட்டார்.

இன்சூரன்ஸ்காரங்ககிட்ட மறக்காமச் சொல்லுங்க. நான் சொன்னேன். "டிஃப்ரன்ஷியல்"ங்கற வார்த்தையை அந்தப் பொண்ணுக்கு மூணு தடவை எழுத்துக்கூட்டினேன்.

2 ஏப்ரல்

கேட்டவர் வந்து "ஹெடருக்கு ஆர்டர் போட்டாச்சு, 4.88 இல்ல"ன்னு சொல்லிட்டார். அவரோட நண்பர் என் மேல கோபமாம். மானுவல்காரருக்கு 4.88 பத்தி நான் ஒண்ணும் சொல்லலைங்க. அவங்க படி வேற, உயரம் வேற. உங்க காலும் நல்லா இருக்கு.

14 ஜூன்

அப்பா வந்திருந்தார், ஆறு வாரம். பிளாக் ஸ்பர் கூட்டிட்டுப் போனேன். வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "மரத்தை எல்லாம் இப்படி வெட்டாம வெச்சிருக்காங்களே"ன்னு மட்டும் சொன்னார்.

கராஜ்ல அந்தக் கீறல் விழுந்த 4.556 செட் இருக்கு, பினியன் என் மேசையில பேப்பர் வெயிட். அதைக் கையில எடுத்தவர் விரலால பல்லைத் தடவித் தடவி ஒன்பதும் எண்ணினார். அப்புறம் கிரவுனை மடியில வெச்சு நாப்பத்தொண்ணும் எண்ணினார். "41-க்கும் 9-க்கும் பொது வகுத்தி கிடையாது. ஒரு பல்லு எல்லாப் பல்லோடயும் மாறி மாறிச் சேரும், தேய்மானம் சமமா இருக்கும். வெட்டினவன் நல்லாத்தான் வெட்டியிருக்கான். பூட்டினவன்தான்..." அதுக்கு மேல சொல்லல.

ஊருக்குப் போறப்ப பெட்டி ஏர்போர்ட்ல நாலு கிலோ அதிகம். திறந்து பாத்தா வேட்டிக்குள்ள சுத்தி கிரவுன். பட்டறையில பசங்களுக்குக் காட்டணுமாம். டிம் டாம் பிஸ்கட் பாக்கெட்டை எல்லாம் வெளிய எடுத்து என் கையில கொடுத்துட்டு, கிரவுனோட போயிட்டார். பினியன் இன்னும் மேசை மேலதான் இருக்கு.